துண்டுக்குள் ஒரு கைகுலுக்கல்

பரவைப் பக்கம் மாட்டுச்சந்தை. சடுகுடுவில் சுற்றுவட்டாரத்தையே அலறவிட்டவர், இப்போது மாட்டுத் தரகராக என் எதிரே நிற்கிறார். என் ஆட்டோகிராப் நோட்டில் இவர் கையெழுத்து மட்டும்தான் இல்லை. அதற்காகவே சென்னையிலிருந்து ரயிலேறி வந்திருக்கிறேன்.

பரவசத்தில் கையை நீட்டுகிறேன். அவர் சட்டென்று தோள்துண்டை எங்கள் கைகள்மேல் போட்டு, உள்ளே என் விரல்களை அழுத்துகிறார். எவ்வளவு பெரிய வீரர், என்ன பாசம்! நானும் விடாமல் அழுத்துகிறேன்.

"விலை படிஞ்சிருச்சு தம்பி. இந்தக் காளை ஒங்களுக்குத்தேன்" என்று கயிற்றை என் கையில் திணிக்கிறார்.

"ஐயா, நான் உங்க கையெழுத்து வாங்க வந்தேன்."

"யாவாரத்துல எழுத்து எதுக்கு? துண்டுக்குள்ள வெரலப் புடிச்சு விலை பேசிட்டா அம்புட்டுத்தேன். வாக்கு மாறப்படாது."

என் அக்குளிலிருந்து நோட்டை உருவி, என் காளை நிதானமாக மென்றுகொண்டிருக்கிறது.