கட்டைவிரல் உயர்த்திச் சொன்ன பொய்

ஒரகடம் ஃபேக்டரிக்கு வேலைக்கு வந்த புதிதில் எனக்கு விசித்திரமாகப் பட்டது காலை மீட்டிங்தான். ஷிஃப்ட் தொடங்கும் முன் எங்களை வரிசையில் நிற்க வைத்து, "யாருக்காவது உடம்பு முடியலையா?" என்று சூப்பர்வைசர் கேட்பார். நன்றாக இருக்கிறோம் என்று நாற்பது பேரும் கட்டைவிரலை உயர்த்துவோம். காய்ச்சல்காரியும் உயர்த்துவாள். உயர்த்தாதவளை லைனிலிருந்து எடுத்துவிடுவார்கள், பிறகு கான்ட்ராக்ட் நீளாது என்று பேச்சு. எங்கள் கோவில்பட்டிப் பக்கம் இப்படியா? ஒருத்திக்குப் பல்வலி என்றால் தெருவுக்கே கேட்கும்படி கத்துவாள். ஆளுக்கொரு வைத்தியம் சொல்லி உயிரை வாங்குவார்கள். இங்கே வந்த ஆறு வருடத்தில் என் விரல் தானாகவே மேலே போகப் பழகிவிட்டது.

கீழ்க் கடைவாய்ப் பல் குடைய ஆரம்பித்தபோது கிராம்பு வைத்தேன். பிறகு மெடிக்கல் ஷாப் மாத்திரை, காலையில் ஒன்று, டீ பிரேக்கில் ஒன்று. இரண்டு மாதம் அப்படியே ஓட்டினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை பல் டாக்டரிடம் போனேன். சும்மா போனேனா? நாற்காலியில் வலிக்குமே என்று பயந்து, இரண்டு மாத்திரையை விழுங்கிவிட்டுப் போனேன். அவர் பல்லைத் தட்டி, "வலிக்குதாம்மா?" என்றார். வாயைத் திறந்துகொண்டு எப்படிப் பேசுவது? ஒன்றுமில்லை என்று பாழாய்ப்போன கட்டைவிரல் உயர்ந்தது. மாத்திரை எதுவும் சாப்பிட்டீங்களா என்றதற்கு, திட்டுவாரோ என்று இல்லையெனத் தலையாட்டினேன். எக்ஸ்ரே எடுக்கலாம் என்றார். "வலிதான் இல்லையே டாக்டர், அடுத்த தடவை பாத்துக்கிடலாம்" என்று எழுந்து வந்துவிட்டேன். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

அதன்பின் மூன்றாம் வாரம் வலி தானாக நின்றது. பல்லின் நரம்பு செத்தால் வலி நின்றுவிடும், பயப்பட வேண்டிய நேரமே அதுதான் என்று எனக்கு யார் சொன்னார்கள்? ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் தாடைக்கு அடியில் கல் மாதிரி வீக்கம். வாய் ஒரு விரல் அளவுக்குத்தான் திறந்தது. துப்பட்டாவைச் சுற்றி மறைத்துக்கொண்டு கம்பெனி பஸ் ஏறினேன். வெட்கக்கேடு, மீட்டிங்கில் விரலையும் உயர்த்தினேன்.

லைனில் எனக்குப் பக்கத்தில் நிற்பவள் தேவகி அக்கா, இந்தப் பக்கத்து வல்லக்கோட்டைக்காரி. அவள் பேச்சே சண்டைக்கு இழுப்பதுபோல் இருக்கிறதென்று நான் ஒதுங்கியே இருந்தேன். அன்று அவள் என் துப்பட்டாவைப் பிடித்து இழுத்தாள்.

"இன்னாடி இது, கழுத்து வரைக்கும் வீங்கிக் கீது?"

ஒன்றுமில்லை என்று கையை ஆட்டினேன்.

"ஒண்ணுமில்லியா? எச்சி முழுங்கு, பாக்கலாம்."

முடியவில்லை. கண்ணில் தண்ணீர் முட்டியது.

"சார், நான் இவள ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போறேன். லைன் நின்னா நிக்கட்டும்!"

ஆஸ்பத்திரியில் பார்த்தால், பல்லிலிருந்து சீழ் கழுத்துக்கு இறங்கியிருந்தது. மூச்சுக்குழாய் அடைத்துவிடும், உடனே கீறணும், யார் கையெழுத்துப் போடுவது என்று டாக்டர் கேட்டார். அம்மாவின் எண்ணைக் காட்டினேன். கோவில்பட்டியிலிருந்து அவள் வந்து சேரப் பத்து மணி நேரம் ஆகும். அதுவரை தாங்காது என்று டாக்டர் படிவத்தை நீட்டினார். தேவகி அக்கா பேனாவை வாங்கினாள். உறவு என்னவென்று நர்ஸ் கேட்டதற்கு, "அக்கானு போடு" என்றாள்.

பிழைத்தேன். ஊரைவிட்டு வந்து லைனில் நிற்கும் பெண்களே, விழுங்கிய மாத்திரையைப் பல் டாக்டரிடம் மறைக்காதீர்கள். எக்ஸ்ரே என்றால் எடுத்துக்கொள்ளுங்கள். அவர் உங்கள் சூப்பர்வைசர் இல்லை. எனக்கு இப்போது மேல்பல் ஒன்று கூசுகிறது. சனிக்கிழமை போகிறேன், மாத்திரை போடாமல்.

வேலைக்குத் திரும்பிய அன்று ஆபீசில் ஒரு படிவம் தந்தார்கள். அவசரத்துக்கு அழைக்க வேண்டியவர் என்ற இடத்தில் இத்தனை வருடமும் அம்மா பெயர்தான். இந்த முறை தேவகி அக்காவின் எண்ணை எழுதிக் கொடுத்தேன். சாயங்காலம் அம்மா போன் செய்தாள்.

"ஏட்டி, ஒனக்கு ஒண்ணுன்னா மொதல்ல எனக்குத்தான போன் வரும்? அந்தத் தைரியத்துலதான் நான் உறங்குதேன்."

"ஆமாம்மா" என்றேன்.