நான் குடியிருப்பதற்குச் சாட்சி

துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவன் நான். முப்பத்தைந்து வருஷம் ஊருலகத்துக்கெல்லாம் பெட்டி பெட்டியாய் ஏற்றி அனுப்பினேன். நான் ஏறிய ஒரே கப்பல் பெயின்ட் அடிக்க நின்றிருந்தது. அதனால், பிலிப்பைன்ஸில் பென்ஷன்காரர்களுக்கென்றே ஒரு குடியிருப்பு விசா உண்டு, மாதாமாதம் பென்ஷன் வருவதைக் காட்டினால் தருவார்கள் என்று கேள்விப்பட்டதும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

"அங்க இன்னா கீது?" என்றாள் மனைவி.

"கடலு கீது. சோறு, மீனு. தெருவுக்கு ஒரு மாதா கோயிலு."

"அதான் ராயபுரத்துலயே கீதே."

அவளைச் சம்மதிக்க வைக்க எட்டு மாதம் ஆயிற்று.

தெருவில் மட்டும் மூச்சு விடவில்லை. காரியம் முடியுமுன் வாயைத் திறந்தால் கண் பட்டுவிடும் என்பது என் கட்சி. விசா வேலையாக எங்கே அலைந்தாலும் பல் டாக்டரிடம் போனேன் என்று சொல்லிவிடுவேன். கீழ் வீட்டில் இட்லிக் கடை வைத்திருக்கும் அம்மா, "உனுக்கு மொத்தம் எத்தினி பல்லு நைனா?" என்று ஒருநாள் கேட்டே விட்டாள்.

கடைசியாகப் போலீஸ் நற்சான்று பாக்கி. விசாரிக்க மஃப்டியில் ஒரு காவலர் வந்த நேரத்தில் நாங்கள் இருவரும் காசிமேட்டில் மீன் வாங்கிக்கொண்டிருந்தோம். திரும்பியதும் இட்லிக் கடை அம்மா என்னை ஓரங்கட்டினாள்.

"கையில ஃபைலு வச்சிகினு ஒரு ஆளு உன்னத் தேடிகினு வந்தான். கவலப்படாத. அப்டி யாருமே இங்க இல்லன்னு அனுப்ச்சிட்டேன்."

எங்கள் தெருவின் சட்டம் அது. ஃபைலோடு யார் வந்து பெயர் சொல்லிக் கேட்டாலும் தெரியாது என்றுவிட வேண்டும். காரணத்தைப் பிறகு கேட்டுக்கொள்ளலாம். நானே எத்தனையோ பேரை அப்படிக் காப்பாற்றியிருக்கிறேன். எதிர்வீட்டு டிரைவரும் அந்த ஆளிடம், நான் எர்ணாவூருக்குக் குடிபோய்விட்டதாகச் சொல்லியிருக்கிறார். முனையிலிருக்கும் இஸ்திரிக்காரர் ஒரு படி மேலே போய், நான் போன வருஷமே செத்துவிட்டதாகச் சொல்லி உச்சுக் கொட்டியிருக்கிறார்.

செத்தவனுக்கு விசாவும் கிடையாது, பென்ஷனும் கிடையாது. அலறியடித்துக்கொண்டு ஸ்டேஷனுக்கு ஓடினேன். வந்துபோன அதே காவலர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "நாளைக்கு வரேன். நீங்க அங்கதான் இருக்கீங்கன்னு அக்கம்பக்கத்துல ரெண்டு பேர் கையெழுத்து போடணும். இல்லன்னா ஆள் இல்லன்னுதான் எழுதுவேன்."

வேறு வழியில்லாமல் அன்று மாலை எல்லாவற்றையும் சொன்னேன். டிரைவர் ஒப்புக்கொண்டார். செத்ததாகச் சொன்ன வாயால் இருக்கிறார் என்று சொல்ல இஸ்திரிக்காரருக்குக் கூச்சம். இட்லிக் கடை அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள்.

"இங்க கீறன்னு கையெழுத்து கேக்கற. இங்கருந்து போறதுக்கா?"

கரண்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் காவலர் வந்தார். டிரைவர் கையெழுத்துப் போட்டார். இன்னொரு ஆளுக்கு நான் தவித்துக்கொண்டிருந்தபோது, ஈரக்கையைப் புடவையில் துடைத்தபடி அவள் வந்து பேனாவை வாங்கினாள்.

"நேத்து இப்படி ஆளே இல்லன்னியேம்மா?" என்றார் காவலர்.

"நேத்து இல்ல. இன்னிக்கி கீறாரு."

"எத்தனை வருஷமா தெரியும்?"

"முப்பது."

"ஆள் எப்படி?"

"நல்ல மனுசன்தான் சார்" என்றாள். "முப்பது வருசமா என் கையால துன்னாரு. எங்க கைல சொல்லாமயே பூடலாம்னு பாத்தாரு. அது ஒண்ணுதான்."

காவலர், "நல்லவர்" என்று மட்டும் எழுதிக்கொண்டார். வெட்கத்தில் என்னால் அவர் முகத்தையும் பார்க்க முடியவில்லை, அவள் முகத்தையும் பார்க்க முடியவில்லை.