எதிராளி வராத சாம்பியன்

மைசூர் பேருந்து நிலையத்தில் பெங்களூர் வண்டிக்காகக் காத்திருக்கிறேன். பக்கத்தில் தமிழக எல்லையை ஒட்டிய ஹனூர்ப் பெண் ஒருத்தி ஆறாவது வாழைப்பழத்தை உரிக்கிறாள். குத்துச்சண்டையில் மூன்று வருடமாக மாநில ஹெவிவெயிட் சாம்பியனாம். எடை குறைந்தால் அந்தப் பிரிவில் சேர்க்க மாட்டார்கள்.

“மூணு வருசமும் ஜெயிச்சீங்களா!”

“எதுக்க ஆளே வரலீங்ணா. கையத் தூக்கிக் காட்டி மெடல் குடுத்துட்டாங்க. தோள்பட்டைதான் வலிச்சுது.”

நாளைதான் முதல்முறையாக ஒருத்தி எதிரே நிற்கப்போகிறாள். வருகிறவள் கீழ் எடைப் பிரிவில் இதுவரை யாரிடமும் தோற்காதவளாம்.

“அவளை ஜெயிச்சா உங்க பேரு நிலைச்சிருமா?”

“ஒரு சண்டையிலயெல்லாம் நிக்காதுங்ணா. ஆனா அந்த ஒண்ணாவது போட்டுக் காட்டோணும்.”

வண்டி வருகிறது. தோற்றுவிட்டால் என்ன செய்வாள் என்று தயங்கிக் கேட்கிறேன்.

“பட்டம் போயிரும்,” என்று படியேறுகிறாள். “அடுத்த வருசம் அவளை அடிச்சுத்தான் வாங்கோணும். அப்பத்தான் அது என்னுது.”