அறுபதாம் படிக்கு ஏறிய காளியண்ணன்

புதுச்சத்திரத்துக் காளியண்ணன் தன் தோட்டத்துக்குத் தானே கவலை ஓட்டுகிறவர். எருதுகளைப் பூட்டிக் கிணற்றுத் தண்ணீரைத் தோல்சாலில் இறைக்கிற வேலை. ஒருநாள் வடம் அறுந்தது. அதன்மேல் உட்கார்ந்திருந்தவர் மல்லாக்க விழுந்தார். அத்தோடு இடுப்பு போயிற்று, கால்களும் மரத்துப்போயின. நாட்டு வைத்தியர்கள் தேய்த்துத் தேய்த்துக் கைவிட்ட பிறகு, மிஷன் ஆஸ்பத்திரி டாக்டர் முதுகைக் கீறி, நரம்பை அழுத்திய எலும்பை எடுத்தார். அது முப்பத்தெட்டாம் வருஷத்து ஐப்பசி. முதுகைக் கிழித்தால் மனுஷன் பிழைப்பானா என்று ஊரே வாயைப் பிளந்தது. பிழைத்தார்.

வீட்டுக்கு வந்ததிலிருந்து கட்டில்தான். காலைக் கீழே வைக்கக்கூடாதென்று டாக்டர் உத்தரவாம். சொன்னவள் மனைவி சௌந்திரம். குளிப்பாட்டுவதும் அவள்தான், சோறூட்டுவதும் அவள்தான். ஒருதரம் காலைத் தொங்கப்போட்டதற்கு அவள் போட்ட கூப்பாட்டில் அக்கம்பக்கம் கூடிவிட்டது. இப்படியொரு பாசக்காரி வாய்க்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும் என்று அவரும் நம்பிக்கொண்டு கிடந்தார், பாவம்.

வைகாசித் தேருக்கு வண்டியில் மெத்தை போட்டுத் திருச்செங்கோட்டு மலையடிவாரத்துக்குக் கூட்டிப்போனார்கள். தம்பி சின்னண்ணன் அவரைத் தூக்கிவந்து முதல் படியருகே பிடித்துக்கொண்டான். சௌந்திரத்துக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"இனிக் காலை வெய்யுங்க! நீங்க உசுரோட வந்தா உங்க காலு மொதல்ல இந்தப் படியிலதான் படோணும்னு நேந்திருந்தேனுங்க. அதுக்குத்தான் மண்ணுல வெக்க உடலை."

"அப்ப டாக்டரு சொன்னது?"

"அவரு தையல் பிரிச்சதும் நடக்கத்தான் சொன்னாருங்க."

அதே சிரிப்போடு சொன்னாள். காளியண்ணன் காலை வைத்தார். முட்டி மடங்கிச் சாக்குமூட்டையாகச் சரிந்தார். இளைத்துப்போன தொடைகளைப் பார்த்துச் சுற்றி நின்றவர்கள் உச்சுக்கொட்டினார்கள். சௌந்திரம் வாயில் அடித்துக்கொண்டாள்.

"தூக்காதீங்க!" என்று கத்தினார் அவர். "ஏ புள்ளே, இத்தன மாசம் பொய் சொன்னவளை எதுல நம்பறது? அறுபதாம் படிக்கு நானே ஏறி வாரேன். எங்கிட்ட இன்னொண்ணை மறைக்கலையின்னு அங்க வெச்சுச் சத்தியம் பண்ணு."

அந்த மலையின் அறுபதாம் படியில் எரிகிற சூடத்தைக் கையால் அணைத்துச் சத்தியம் செய்தால் அதற்குமேல் பேச்சில்லை. பொய்ச்சத்தியம் செய்தால் குடும்பம் விளங்காது என்பது சௌந்திரத்தின் நம்பிக்கை. அவள் சரியென்று தலையாட்டினாள்.

நேரே ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். டாக்டர் இங்கிலீஷில் என்னவோ பேசிவிட்டுப் போனார். நர்ஸம்மா சௌந்திரத்தை வெளியே அழைத்துப்போய்ப் பேசிவிட்டு வந்து, "விடாமல் பழகினால் நடப்பீங்க" என்று காளியண்ணனிடம் சொன்னாள். தன் காதாலேயே கேட்டுக்கொண்டார். மறுபடியும் மனைவி வாயை நம்ப அவருக்கென்ன பைத்தியமா?

வாசலில் இரண்டு மூங்கில்களைக் கிடையாகக் கட்டினார்கள். குப்புறப் படுத்து நெஞ்சைத் தூக்குவார். மணல்பையைக் கட்டிய காலைத் தூக்குவார். மூங்கில்களைப் பற்றி நிற்பார். இடுப்பில் துண்டைச் சுற்றிப் பிடித்துக்கொள்கிறவள் சௌந்திரம். அவர் விழுந்தால் அவளும் விழுவாள். அவர் பேசமாட்டார். முன்னேற முன்னேறத் தன் சத்தியம் நெருங்குகிறதென்று தெரிந்தும் அவள் ஒருநாள்கூட விடவில்லை. கோபத்தாலேயே நடந்தவர் உலகத்தில் அவர் ஒருவராகத்தான் இருப்பார்.

மறு வைகாசியில் தடியூன்றி ஏறினார். நடுவில் உட்கார்ந்து, மூச்சு வாங்கி, மறுபடியும் ஏறினார். அறுபதாம் படியில் சௌந்திரம் சூடத்தை ஏற்றினாள். நீட்டிய கை பாதியில் நின்றது.

"என்னால முடியாதுங்க. ஒண்ணை மறைச்சிருக்கறேன்."

"இன்னுமா?" என்றார் காளியண்ணன்.

"நாள் கடந்துபோச்சு, இந்தக் காலு இனி நிக்காதுன்னுதான் டாக்டரு அன்னிக்குச் சொன்னாருங்க. நர்ஸம்மா காலுல உழுந்து, நடப்பீங்கன்னு சொல்ல வெச்சது நான்தான்."

அவர் குனிந்து தன் கால்களைப் பார்த்தார். திரும்பி, ஏறிவந்த படிகளைப் பார்த்தார். தடி நழுவிப் படிகளில் உருண்டது. எடுக்கப் போனவளின் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"உடு, புள்ளே."

சூடத்தை யாரும் அணைக்கவில்லை. அது எரிந்து தீரும்வரை இருவரும் நின்றிருந்தார்கள்.