மருதாயி கத்திய ஆறு பாட்டு

மருதாயி பாடினாள் என்று எவனாவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். அவள் பாடவில்லை, கத்தினாள். ஆறு பாட்டு கத்தினாள், அதுவும் ஒரே ஒரு பேருக்காக. கத்துவது லேசுப்பட்ட வேலை என்று நினைப்பவர்கள் அடிவயிற்றிலிருந்து மூன்று நிமிஷம் கத்திப் பார்த்துவிட்டு வந்து என்னிடம் பேசட்டும்.

குன்னூருக்குக் கீழே ஒரு எஸ்டேட்டில் அவள் கொழுந்து எடுத்தாள். நான், இசக்கி, அதே எஸ்டேட் ஃபேக்டரியில் ரோலர் மெஷின் ஓட்டினேன். அருவங்காட்டில் வெல்டராக இருந்த மோசஸ் என் கூட்டாளி. சர்ச்சில் ஒழுங்காக கிட்டார் வாசித்துக்கொண்டிருந்தவனை, யாரோ கொண்டுவந்து கொடுத்த ஒரு ஹெவி மெட்டல் கேசட் கெடுத்துக் குட்டிச்சுவராக்கிவிட்டது. கிழிந்த ஸ்பீக்கரில் கிட்டாரை மாட்டி, தகரத்தை அரத்தால் ராவுகிற மாதிரி ஒரு சத்தம் எடுப்பான். நான் டிரம் அடிப்பேன். எல்லாம் இருந்தது, குரல்தான் இல்லை. நாங்கள் கத்தினால் ஆட்டுக்குட்டி கத்துவது போல இருந்தது.

எண்பத்து மூன்றில் ஒரு மத்தியானம் தேயிலைக்குள் காட்டெருமை இறங்கியது. மருதாயி கூடையை இறக்கி வைத்துவிட்டு ஒரு சத்தம் போட்டாள். எருமை திரும்பிப் பார்க்காமல் ஓடியது. என்னைப் பார்க்க வந்திருந்த மோசஸ் என் கையைப் பிடித்துக்கொண்டு, "டேய், இதுதாண்டா குரலு!" என்றான்.

"ஏனுங்கக்கா, எங்க குரூப்ல பாடறீங்களா?" என்று கேட்டேன்.

"பாட்டெல்லாம் எனக்கு ஏலாது தம்பி. கத்தச் சொன்னா கத்துறேன். கத்த வேண்டியது நெறைய கெடக்கு."

கிடந்தது உண்மைதான். ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் சொல்லச் சொல்ல மோசஸ் எழுதினான். காதல் இல்லை, நிலா இல்லை. சிலோனிலிருந்து வந்த கப்பலில் வாந்தி எடுத்தது ஒரு பாட்டு. கரையிறங்கினதும் மண்டபம் கேம்பில் வரிசையில் நின்றது ஒரு பாட்டு. அங்கே 'இந்தியாக்காரி', இங்கே 'சிலோன்காரி' என்று ஏச்சு வாங்கியது ஒரு பாட்டு. அட்டைக் கடிக்கு ஒன்று, செத்துப்போன அப்பனுக்கு ஒன்று. ஐந்துக்கும் வேகம் ரோலர் மெஷினின் வேகம். என் கை அதற்குத்தான் பழகியிருந்தது.

ஆறாவது பாட்டுதான் வம்பு. அதற்குப் பெயர் 'பெரட்டு'. சிலோன் தோட்டங்களில் காலையில் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிடுவதைப் பெரட்டு என்பார்கள். விடியுமுன் தப்படித்து எழுப்புவார்களாம். அந்த அடியை அவள் ஒரு மரப்பெட்டியில் தட்டிக் காட்டினாள். இந்தப் பாட்டுக்கு மட்டும் வேகம் கூடாது என்றாள். "காய்ச்சலோட பெரட்டுக்குப் போற மாதிரி இருக்கோணும் தம்பி." அப்படியே வைத்தோம். கனத்த, மெதுவான அடி, நடுவே கிட்டார் உறுமிக்கொண்டு கிடக்கும்.

எங்கள் எஸ்டேட்டில் ஒரு பேரை மூன்று முறை கூப்பிடுவார்கள். மூன்றுக்கும் பதில் இல்லாவிட்டால் பேரை அடித்துவிடுவார்கள். பாட்டும் அப்படித்தான். மோசஸ் மூன்று முறை "மாரியாயி" என்று கூப்பிடுவான், மூன்றாவதற்கு அவள் "இருக்கேன்" என்று கத்துவாள்.

மாரியாயி அவளுடைய அக்கா பேர். எஸ்டேட்டில் எல்லாருக்கும் இவள்தான் மாரியாயி. எங்கள் இரண்டு பேருக்கு மட்டும் விஷயம் தெரியும். மஸ்கெலியாவில் இந்தியா போக மனு எழுதுகிற அன்றைக்கு அப்பன் வாய் நிறைய வெற்றிலை. "வாறது எளையவ மருதாயி, மூத்தவ மாரியாயியக் கட்டிக் குடுத்தாச்சு" என்று அவர் குதப்பிக்கொண்டே சொன்னதில், எழுதினவன் காதில் மாரியாயி மட்டும்தான் விழுந்தது. பாஸ்போர்ட்டும் அந்தப் பேரிலேயே வந்தது. திருத்த எழுதிப் போட்டால் இன்னும் எத்தனை வருஷமோ என்று பயந்து, "பேருல என்னா இருக்கு, வாடி" என்று அப்பன் கூட்டி வந்துவிட்டார். எழுபத்திரண்டில் வந்தவள், பன்னிரண்டு வருஷம் அக்கா பேருக்கு "இருக்கேன்" சொன்னாள்.

எண்பத்து நான்கில் அக்காவின் கடிதம் வந்தது. புருஷன் இறந்துவிட்டான். அங்கே பிரஜாவுரிமை கேட்டுப் போனால், "மாரியாயிதான் இந்தியாவுக்குப் போயாச்சே, நீ யார்?" என்று துரத்துகிறார்கள். இரண்டு நாட்டுக்கும் வேண்டாதவளாக நிற்கிறாள். 'வந்தவள் நான், மருதாயி' என்று தங்கச்சி இங்கிருந்து எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பினால் ஒரு வழி பிறக்கும்.

அனுப்பினால் இவள் கதி? குடும்ப அட்டை, வேலை, வீடு எல்லாம் மாரியாயி பேரில். "ஊடும் போயிரும், வேலையும் போயிரும், போலீஸ் கேசும் ஆயிரும். சும்மா இருங்கக்கா" என்று சொன்னது நான்தான். அப்போது நான் பெரிய பயந்தாங்கொள்ளி. அவள் கடிதத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

கோயம்புத்தூரில், பக்திப் பாட்டுப் பதிகிற ஒரு கூடம் ஒரு பகலுக்குக் கிடைத்தது. முதல் பாட்டு முடிந்ததும் முதலாளி எட்டிப் பார்த்து, "ஏனுங்க, அந்தம்மாவுக்கு ஒடம்புக்கு ஏதாச்சும் பண்ணுதுங்களா?" என்றார்.

"சொகமாத்தாங்க இருக்கேன். நீங்க பொத்தான அமுக்குங்க" என்றாள் மருதாயி.

ஆறாவது பாட்டு வந்தது. "மாரியாயி!" என்றான் மோசஸ். அடித்தேன். "மாரியாயி!" அடித்தேன். மூன்றாவது முறையும் கூப்பிட்டான். அவள் வாயைத் திறக்கவில்லை. நிறுத்தினால் டேப் வீணாகும் என்று நான் அடித்துக்கொண்டே இருந்தேன். நாலு அடி சும்மா போயிற்று. அப்புறம் வந்தது பாருங்கள் ஒரு குரல்!

"அவ இங்க இல்ல!
சொன்ன வாயில வெத்தல,
எழுதின கையில அவசரம்,
அக்கா பேரத் தின்னுப்புட்டுக்
கடலத் தாண்டி வந்தவ நான்!
மருதாயி! மருதாயி! மருதாயி!"

எனக்கு அழுகை வந்துவிட்டது, வெட்கமில்லாமல் சொல்கிறேன். இன்னொரு முறை பதியலாமா என்று யாரும் கேட்கவில்லை.

ஐம்பது கேசட் போட்டோம். குன்னூர் டீக்கடை ஒன்றில் ஓடி, எஸ்டேட்டில் பேர் கூப்பிடுகிற ரைட்டர் காளிமுத்துவின் காதுக்கும் போய்ச் சேர்ந்தது. மறுநாள் காலையில் அவர் "மாரியாயி" என்று மூன்று முறை கூப்பிட்டார். முன் வரிசையில் நின்று அவர் முகத்தையே பார்த்தபடி இவள் பேசாமல் இருந்தாள்.

"ஏம்மா, பாட்டு கீட்டு எல்லாத்தையும் நான் மறந்தர்றேன். இருக்கேன்னு ஒரு வார்த்தை சொல்லு" என்றார். நல்ல மனுஷர்தான்.

"இல்லாதவளுக்கு எப்படிங்கய்யா இருக்கேன்னு சொல்றது?"

அவர் பேரை அடித்தார். சாயங்காலத்துக்குள் வீட்டைக் காலி செய்யச் சொல்லிக் காகிதம் வந்தது. "போனாப் போகுது. கேத்தியில கேரட் கழுவப் போறேன்" என்றாள்.

அடுத்த நாள் குன்னூரில் ஒரு வக்கீலிடம் நானும் கூடப் போனேன். அக்கா கேட்டிருந்தபடியே டைப் அடித்த காகிதத்தை அவர் நீட்டினார். மருதாயி பேனாவை வாங்கினாள். பன்னிரண்டு வருஷப் பழக்கம், கை 'மா' என்று எழுதிவிட்டது.

"அடடா, வேற காகிதம் அடிக்கோணுமே!" என்று வக்கீல் சலித்துக்கொண்டார்.

"வேணாங்க" என்று சொல்லி, அந்தத் துணைக்காலை மட்டும் ஒரே கோடாக வெட்டினாள். "இந்தக் காலு எங்க அக்காவோடது. அவ நிக்கட்டும்."

அப்புறம் மெதுவாக, ஒவ்வோர் எழுத்தாக, மிச்சப் பேரை எழுதினாள்.