கடைசியாகத் தேய்த்த டாலர்

போடி கடைவீதியில் பாத்திரக்கடை வைத்திருந்த ஸ்டான்லிக்குப் பழைய அமெரிக்க வெள்ளி டாலர் என்றால் உயிர். மிஷனரிகள் காலத்தில் இந்தப் பக்கத்து வீடுகளுக்கு வந்து, டிரங்குப் பெட்டிக்குள் தூங்கிக் கிடந்த காசுகள். அனுமந்தன்பட்டியில் ஒரு வீட்டில் இருக்கிறது என்று காதில் விழுந்தால் போதும், கடையைச் சாத்திவிட்டு பஸ் ஏறிவிடுவார்.

காசு கைக்கு வந்ததும் முதலில் கழுகின் வாலுக்குக் கீழே பார்ப்பார். எந்த ஊர் நாணய ஆலையில் அடித்தது என்று சொல்லும் பொடி எழுத்து அங்கேதான் இருக்கும். பிறகு வருஷம். கடைசியில் காசை வெளிச்சத்தில் மெல்லச் சாய்ப்பார். ஆலையில் பிறந்தபோது வந்த பளபளப்பு சக்கரம்போலச் சுற்றி ஓடினால் முகம் மலர்ந்துவிடும். கறுத்திருந்தால் கவலைப்பட மாட்டார். அந்தக் கறுப்பைத் தேய்த்து எடுத்தால் காசின் மதிப்பும் கூடவே போய்விடும் என்பது அவருக்குத் தெரியும்.

அவர் மனைவி ஜெபராணிக்குத் தெரியாது. கல்யாணமாகி வந்த முதல் கிறிஸ்துமஸுக்கு முன்னால், அவர் மதுரைக்குச் சரக்கெடுக்கப் போயிருந்தபோது, எல்லாக் காசுகளையும் வெள்ளைப் பல்பொடி போட்டுத் தேய்த்துவிட்டாள். பண்டிகைக்கு முன் வீட்டு வெள்ளியைத் தேய்ப்பது அவள் பிறந்த வீட்டு வழக்கம்.

“கருகருன்னு கெடந்துச்சு பாவம். இப்பப் பாருங்க, நெலா கணக்கா இருக்கு!”

ஸ்டான்லி ஒரு காசை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார்; சுற்றி ஓடும் அந்தப் பளபளப்பு போயே போயிருந்தது. ஆனால் பல்பொடி அப்பிய விரல்களோடு நின்ற அந்தப் புதுப்பெண்ணின் முகத்தில் காசுகளைவிட அதிக வெளிச்சம் இருந்தது.

“நல்லா இருக்கு ராணி” என்றார்.

அந்த ஒரு பொய்யை அவர் காலமெல்லாம் காப்பாற்றினார். வருஷாவருஷம் அவள் தேய்த்தாள், அவர் பாராட்டினார். பின்னாளில் கிடைத்த ஒரே ஒரு காசை மட்டும் கடை அலமாரியில் ஒளித்து வைத்தார். வாலுக்குக் கீழே இரட்டை ‘சி’ எழுத்து உள்ள அபூர்வக் காசு. நாவல்பழ நிறத்தில் கறுத்திருந்தது.

ஒரு மழைநாளில் கம்பத்திலிருந்து சலீம் வந்தார். பழைய காசு வாங்கி விற்பவர். வீட்டிலிருந்த டாலர்களை லென்ஸ் வைத்துப் பார்த்தவர் சிரித்துவிட்டார்.

“என்னண்ணே இது, சவரம் பண்ணுன மாதிரி! எந்தப் புண்ணியவான்ணே இப்படி ஒரசுனது? தேய்ச்ச காசுக்கு வெள்ளி எடைதான். கொலுசு கணக்கா நிறுத்து வாங்கிட்டுப் போவாக.”

“மெதுவாப் பேசு சலீமு…”

ஜெபராணி டீயோடு நிலைப்படியில் நின்றிருந்தாள்.

“சீனி போதுமா பாருங்க தம்பி” என்றாள். அவ்வளவுதான்.

அந்த டிசம்பரில் அவள் எதையும் தேய்க்கவில்லை. தன் கொலுசுகூடக் கறுத்துக் கிடந்தது. கேட்டால், “கை வலிக்குதுங்க” என்றாள். ஒரே கட்டிலில் ஆளுக்கொரு சுவரைப் பார்த்துப் படுத்து இருவரும் அழுதார்கள்.

அடுத்த வருஷம் அவள் வயிற்றில் கட்டி வந்தது. டாக்டர்கள் கைவிரித்து வீட்டுக்கு அனுப்பினார்கள். ஒரு சாயங்காலம், அவர் ஊட்டிய கஞ்சியை ஒதுக்கிவிட்டு அவளே பேசினாள்.

“நீங்க தேடித்தேடிச் சேத்ததை எல்லாம் நாந்தான அழிச்சேன். கோவத்துல ஒரு வார்த்தை வஞ்சிருக்கலாம்ல? அதைச் சொமந்துக்கிட்டே போறேன்.”

ஸ்டான்லி எழுந்து கடைக்கு ஓடினார். திரும்பி வந்தபோது கையில் அந்தக் காசு இருந்தது. சமையலறையிலிருந்து பல்பொடிக் கிண்ணத்தையும் எடுத்து வந்தார்.

“இது ஒண்ணு பாக்கி கெடக்கு. கிறிஸ்மஸ் வருதுல்ல, தேய்ச்சுக் குடு.”

அவள் காசைத் திருப்பிக் கழுகின் வாலுக்குக் கீழே பார்த்தாள். அத்தனை வருஷம் அவர் பார்ப்பதைப் பார்த்தவள் அல்லவா?

“ஏங்க, ரெண்டு எழுத்து இருக்கே! கெடைக்காததுன்னு சொல்லுவீகளே, அதானே இது? மாட்டேன். எடுத்துட்டுப் போங்க.”

அவர் கட்டைவிரலைப் பொடியில் தொட்டு, காசின் மறுபக்கத்தில் பொறித்திருந்த பெண்ணின் கன்னத்தில் அழுத்தி ஓர் இழுப்பு இழுத்தார். கறுப்பு விலகி வெள்ளையாய்க் கோடு விழுந்தது.

“அய்யோ, என்ன மனுசன் நீங்க!” என்று பதறியவள், அவர் கண்களைப் பார்த்தாள். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. “பாத்திரக்கடைக்காரராம், தேய்க்கத் தெரியல! இங்கன குடுங்க. துணியில தொட்டு வட்டமாத் தேய்க்கணும்.”

அவள் விரலில் பலமில்லை. அவர் மணிக்கட்டைத் தாங்கிக்கொண்டார். காசு வெளுக்க வெளுக்க அவள் முகமும் தெளிந்தது.

“நல்லா இருக்கு ராணி” என்றார். அந்தத் தடவை அது பொய்யில்லை.

அந்தக் கிறிஸ்துமஸை அவள் பார்க்கவில்லை.

துக்கம் கேட்க வந்த சலீம், அவள் படத்துக்கு முன்னால் இருந்த டாலரை எடுத்துத் திருப்பினார். எழுத்தைப் பார்த்ததும் சட்டென்று நிமிர்ந்தார்.

“அண்ணே… இதையுமா?”

ஸ்டான்லி தலையசைத்தார்.

சலீம் லென்ஸை எடுத்தார். “எழுத்து இடுக்குல எல்லாம் பொடி ஒட்டியிருக்குண்ணே. ஊசியால எடுத்துடவா?”

“வேணாம் தம்பி” என்று ஸ்டான்லி காசைப் பிடுங்கிக்கொண்டார். “அது அவ வச்சது.”