வெர்னாவின் பால் படாத பூரணம்

வெர்னா ரொட்டியைக் கத்தியால் வெட்டமாட்டாள், பிய்ப்பாள். பிய்த்த துண்டைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பாள். அமுங்கி எழுந்தால், “இன்னும் காயலை” என்று இஸ்திரி மேசையில் விரித்த செய்தித்தாளுக்கே திருப்பிவிடுவாள். நன்றித் திருநாளுக்கு இரண்டு நாள் இருக்கும்போதிலிருந்து அந்த வீட்டில் யாரும் சட்டைக்கு இஸ்திரி போட முடியாது. அது வான்கோழி விருந்தோடு பரிமாறும் பூரணத்துக்காகக் காயவைத்த ரொட்டி.

இந்த வருடம் அந்த ரொட்டியை மூன்று முறை மாற்றவேண்டியதாயிற்று. இருபத்தாறு வருடமாக ஜான்ஸ்டவுனில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, பொட்டலத்தைக் கை நீட்டிப் பிடித்து, கடைசி இருக்கைவரை கேட்கிற குரலில் படித்தாள்.

“பால்பொடி! இதுல முட்டை! இதுல வெண்ணெய்! ரொட்டியில ரொட்டியைத் தவிர எல்லாம் இருக்கு.”

“பேசாம அட்டைப்பெட்டியை ஊறவச்சுக் குடு,” என்றான் கணவன் ரீஜிஸ், சோபாவில் கால் நீட்டியபடி. “அதுல பாலும் கிடையாது, முட்டையும் கிடையாது.”

“நீ வாயை மூடிக்கிட்டு செலரித் தண்டை நறுக்கு.”

கடைசியில் மலைமேல் இருக்கும் இத்தாலியக் கடையில் கிடைத்தது. மாவு, தண்ணீர், உப்பு, ஈஸ்ட். நம்பிக்கையில்லாமல் ஒன்றுக்கு இரண்டாக வாங்கி வந்தாள்.

எல்லாம் மகள் கோரினுக்காக. பிலடெல்பியாவில் வேலை பார்க்கிறவள்; இறைச்சி மட்டுமல்ல, பால், முட்டையும் தொடுவதில்லை. மூன்று வருடத்துக்கு முன் இதே மேசையில், “இதுல கோழிச்சாறு இருக்கா?” என்று கேட்டாள். “இல்ல,” என்றாள் வெர்னா. பாதித் தட்டு காலியானதும் ரீஜிஸ் உண்மையை உளறிவிட்டான். கோரின் முள்கரண்டியை வைத்தாள், கோட்டை எடுத்தாள், போய்விட்டாள். அதற்குப்பின் இரண்டு நன்றித் திருநாளுக்கும் வரவில்லை.

இந்த முறை தொலைபேசியில், “வரேன். ஆனா என் சாப்பாட்டை நானே கொண்டுவந்துடறேன்,” என்றாள்.

“ஒரு மண்ணும் கொண்டுவராதே,” என்று வைத்துவிட்டாள் வெர்னா.

திருநாளான வியாழக்கிழமை வெங்காயமும் செலரியும் காளானும் ஆலிவ் எண்ணெயில் வதங்கின. வாசனைக்குச் சேஜ் இலை, காளான் வேகவைத்த தண்ணீர், தனிக் கண்ணாடித் தட்டு, தனிக் கரண்டி. விருந்து இரண்டு மணிக்கு. ஒன்றரைக்கு அடுப்பைத் திறந்து, வான்கோழியிலிருந்து வடிந்த சாற்றை அள்ளி அதன் முதுகிலேயே ஊற்றினாள். அடுத்த கரண்டியை, நாற்பது வருடமாகப் போன வழியிலேயே கை கொண்டுபோய்ப் பக்கத்தில் வெந்துகொண்டிருந்த கோரினின் தட்டில் ஊற்றிவிட்டது.

வெர்னா கரண்டியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“ஒரு கரண்டிதானே வெர்னா,” என்றான் ரீஜிஸ் மெதுவாக. “அவளுக்கு எப்படித் தெரியப்போகுது?”

வெர்னா தட்டைத் தூக்கிப்போய்க் குப்பைத் தொட்டியில் கவிழ்த்தாள். பிறகு இரண்டாவது ரொட்டியை எடுத்து, அதற்கு ஏதோ முன்பகை இருப்பதுபோலப் பிய்த்து அடுப்புச் சூட்டில் காயப்போட்டாள். மிஞ்சியது ஆறே காளான். மணி இரண்டு. இரண்டே கால். வான்கோழி வெளியே ஆறிக்கொண்டிருந்தது.

“இவளைப் பாரு, இன்னும் காணோம்! ஒருநாளாவது நேரத்துக்கு வந்திருக்காளா?” என்று கத்திக்கொண்டே பூரணத்தைக் கிளறினாள்.

“வந்துட்டா என்ன பண்ணுவே?”

“அதுவும் ஆத்திரமாத்தான் வரும். நீ போய் வாசலைப் பாரு.”

மூன்றடிக்கக் கால் மணி இருக்கையில் தட்டு வெளியே வந்தது. ஐந்து நிமிடத்தில் கோரினும் வந்தாள். மூக்கு நுனி சிவந்திருந்தது. “மன்னிச்சுக்கோம்மா, லேட்டாயிடுச்சு.”

மேசையில் வெர்னா தன் தட்டைத் தொடவேயில்லை. மகள் கேட்பாள் என்று காத்திருந்தாள். ரொட்டியிலிருந்து எண்ணெய்வரை எல்லாவற்றுக்கும் பதில் நாக்கு நுனியில் இருந்தது. கோரின் எதுவும் கேட்கவில்லை. தின்றாள். “இன்னும் கொஞ்சம் வைம்மா,” என்று தட்டை நீட்டினாள்.

“கேக்கவே மாட்டேங்கிறா பாரு!” என்று பாத்திரம் கழுவும் இடத்தில் ரீஜிஸிடம் பொருமினாள் வெர்னா.

பின்வீட்டு பெர்னிஸ் சொல்லித்தான் கிறிஸ்துமஸ் சமயத்தில் விஷயம் தெரிந்தது. அன்று பெர்னிஸ் தன் கொல்லையில் உதிர்ந்த இலைகளை வாரிக்கொண்டிருந்தாளாம். ஒன்றரை மணிக்கே கோரின் பூசணிப் பணியாரத்தோடு பின்வாசல் படியேறி, கதவுக் கண்ணாடி வழியாக உள்ளே பார்த்தபடி கொஞ்சநேரம் நின்றாளாம். வெர்னா தொட்டிப் பக்கம் போய்த் தட்டைக் கவிழ்த்ததும், சத்தமில்லாமல் படியிறங்கிக் காரை அடுத்த தெருவில் பெர்னிஸ் வீட்டு வாசலுக்கே ஓட்டிப்போய், எஞ்சினை அணைத்துவிட்டு, அந்தக் குளிரில் ஒருமணி நேரத்துக்குமேல் உட்கார்ந்திருந்தாளாம்.